யோகத்தின் முகத்தில் ஒன்றும் தெரியாது

மாப்பிள்ளையின் தாய் வடையை ஒரு கடி கடித்தார். மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

நல்ல வடை அது. பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சுட்ட பருப்பு வடை. அதை இரண்டாம் கடி கடிக்காமல் வைக்கிற ஆளை அதற்கு முன் நான் கண்டதில்லை. வைத்தவர் லேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்தார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை. கண் மட்டும் குசினி வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குப் போய்ப் போய் வந்தது. கொடுத்த பால் தேத்தண்ணீர் ஆடை கட்டிவிட்டது.

நேர் எதிரே கதிரையில் நான் இருந்தேன். அன்றைக்கு எனக்குத் தந்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பது. பார்த்தேன். இந்தச் சம்பந்தம் சரிவராது என்று முடிவெடுத்தேன்.

சம்பந்தம் பேசியது மதுராவுக்கு. மதுரா என் மச்சாள் யோகத்தின் ஒரே மகள். யோகம் என் மனுசனின் தங்கை. மதுரா முப்பதைத் தாண்டியவள், நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். மாப்பிள்ளை நிரோசன் வெருகல் பக்கத்து வயல்காரக் குடும்பம், வேலை சீனன்குடாவில். தலையிடி இல்லாமலே தலையிடிக் குளிசை வாங்க வந்து வந்து பழக்கமானவன். பிறகுதான் பெரியவர்களுக்குச் சொல்லி, தரகர் வைத்து, முறையாக வந்தார்கள்.

அன்று காலை சேலை கட்டும்போது மதுரா என்னிடம் சொன்னாள்.

"மாமி, இது குழம்பினா இனி ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ. திரும்பவும் ஒரு ஆக்களுக்கு முன்னால தட்டோட போய் நிக்க என்னால ஏலாது."

வெறும் பேச்சாக அவள் அதைச் சொல்லவில்லை. ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

பெண்ணைப் பெற்ற யோகம் அந்த முன்அறையில் இல்லை. குசினிக்குள் நின்றாள். வெளியே வரவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஏன் என்று சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

தேத்தண்ணீரை முழுக்கக் குடித்தார்களா?

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பொம்பிளை பார்க்க வந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்றோ, பிடிக்கவில்லை என்றோ யாரும் சொல்வதில்லை. சொன்னால் மரியாதை இல்லையாம். "வீட்டை போய்க் கதைச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புறம்" என்று எழும்பிப் போவார்கள். பிறகு தரகர் பதிலோடு வருவார். வரும்வரை பெண் வீட்டில் ஒருவருக்கும் வேலை ஓடாது.

அந்த இடைவெளியில் என்ன செய்வது? முகங்களை ஆராய்வதுதான். தேத்தண்ணீரை முழுக்கக் குடித்தார்களா, பாதியில் வைத்தார்களா? பெண் வந்தபோது தாய் சிரித்தாவா, பெண் திரும்பிப் போகும்போது சிரித்தாவா? மாப்பிள்ளை செருப்பைப் போடும்போது யாரைப் பார்த்தான்? ஒரு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் கூடியிருந்து, வராத பதிலை வந்த முகங்களில் தேடுவார்கள். வாயைத் திறந்து ஒரு வசனம் கேட்டால் தீருகிற காரியம். கேட்கமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்கு என்னைத்தான் இருத்துவார்கள். "தவத்தை முன்னுக்கு இருத்துங்கோ, தவம் முகத்தைப் பார்த்தே சொல்லிப்போடுவா" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

சந்தியில் படித்த பாடம்

இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. சந்திக்குச் சந்தி இருந்த ஆமிக் காவலரண்களில் படித்தேன்.

சண்டைக் காலம். எங்கள் அன்புவழிபுரத்திலிருந்து நகரத்துக்குப் போவதென்றால் பஸ்ஸால் இறங்கி, நடந்து, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் இருந்தது முகம் மட்டும்தான். அவன் அட்டையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், திரும்ப அட்டையைப் பார்ப்பான். தாடை இறுகியிருந்தால் அன்றைக்கு நேரம் எடுக்கும். கண் எனக்குப் பின்னால் யாரையோ தேடினால் எனக்குப் பின்னால் நிற்கிற பெடியன்களுக்குக் கரைச்சல். சில நேரம் சிரிப்பான். சிரித்தால்தான் எனக்குக் கூடப் பயம்.

வெயிலில் தார் இளகி, செருப்போடு ஒட்டும். நான் கீழே பார்க்கமாட்டேன். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதை வைத்துத்தான் வாயைத் திறப்பதா, மூடுவதா என்று முடிவெடுத்தேன். என் வயதுக்காரர் பலபேர் இந்த ஊரில் அப்படித்தான் உயிரோடு இருந்தோம். இதைக் கேட்டு யாரும் பாவம் பார்க்க வேண்டாம். நடந்தது அதுதான்.

காவலரண்களை எடுத்துவிட்டார்கள். என் கண் மட்டும் இன்னும் காவலுக்கு நிற்கிறது.

என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஒருநாள் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது படம் நின்றுவிட்டது. அவன் வாய் ஒரு பக்கம் இழுபட்டு, கண் பாதி மூடி, அப்படியே நின்றான். பிறகு தொடர்பு அறுந்துபோனது. அவன் எதையோ என்னிடம் மறைக்கிறான் என்று நான் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் இருந்தேன். அடுத்த நாள் எடுத்துக் கேட்டால், "அம்மா, நான் கொட்டாவி விட்டனான்" என்கிறான்.

புருவம் உயர்த்திய சண்டை

என் சாப்பாட்டு வேலையைப் பற்றி முந்திய கிழமைகளில் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சீனன்குடாப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு நானும் யோகமும் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறோம். யோகம் சல்லி என்கிற கடற்கரை ஊரில் கலியாணம் முடித்தவள். மனுசன் நெஞ்சு வருத்தத்தில் போன பிறகு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து என் குசினிக்கு வந்துவிடுவாள். வரும்போது கடற்கரையில் வாங்கிய மீனும் கூட வரும்.

ஒரே அடுப்படியில் இரண்டு பொம்பிளைகள். நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சமைத்தேன் என்று சொல்லலாம். ஒருநாள் சொதியை அகப்பையில் எடுத்து நக்கிப் பார்த்தாள். ஒரு புருவம் மேலே போனது. அவ்வளவுதான். என் சொதியை அவள் குறைவாக நினைக்கிறாள் என்று நான் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. உப்புப் போத்தலைக்கூடத் தள்ளித்தான் வைத்தேன்.

மூன்றாம் நாள் அவளே கேட்டாள்.

"மச்சாள், என்னோட என்ன கோவம்?"

"உனக்குத் தெரியாதோ? சொதியைக் குடிச்சுப்போட்டுப் புருவத்தை உயர்த்தினாய்."

"சுட்டது மச்சாள். கொதிச்ச சொதி. நாக்கு வெந்துபோச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

யோகம் அப்போதும் அப்படித்தான். கேட்க வேண்டியதை நேரே கேட்பாள். நான் பார்த்துப் பார்த்துப் புழுங்குவேன், அவள் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

ஒரு பக்கம் வேலைநிறுத்தம்

பிறகு ஒருநாள் காலை யோகம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நான் பிளேன்ரீ கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். வாயின் ஓரத்தால் அது வழிந்து சட்டையில் சிந்தியது. நிமிர்ந்து பார்த்தேன். முகத்தின் இடப்பக்கம் அப்படியே விழுந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண் மூடவில்லை.

பாரிசவாதம் என்றுதான் நினைத்தேன். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாரிசவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்கள். பலருக்கு வருகிற வருத்தம்தான். அநேகமானவர்களுக்குத் திரும்பிவிடுமாம்.

மாதங்கள் போயின. யோகம் பலூன் ஊதினாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆ, ஈ, ஊ என்று பயிற்சி செய்தாள். கண்ணுக்கு மருந்து விட்டுத் துணி ஒட்டிக்கொண்டு படுத்தாள். கண் மூடுகிற அளவுக்குத் திரும்பியது. மற்றபடி அந்தப் பாதி முகம் அப்படியே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தமிழில்தான் கதைத்தார், ஆனால் சுற்றிச் சுற்றிக் கதைத்தார். பார்ப்போம், காலம் எடுக்கும், பயிற்சியை விடவேண்டாம் என்று. நான் அவருடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கம் விழுகிறது, இது பெரிய வருத்தம், மறைக்கிறார் என்று முடிவெடுத்தேன். யோகம் கேட்டாள்.

"டொக்டர், இது இனித் திரும்புமோ, திரும்பாதோ? உள்ளதைச் சொல்லுங்கோ. நான் அதுக்கேத்த மாதிரி இருக்கப் பழகுவன்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "முழுக்கத் திரும்பாது அம்மா. ஆனா உயிருக்கு ஒண்டுமில்லை."

"சரி. இதை முதலே சொல்லியிருந்தா நான் பலூனுக்குச் செலவழிச்ச மூச்சில அடுப்பை ஊதியிருப்பன்."

அந்த டொக்டர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

சல்லி அம்மன் கோயிலில் ஒருத்தி அவளிடம், "ஏன் யோகம் அக்கா, ஆரோட கோவம்?" என்று கேட்டாளாம். "ஒருத்தரோடயும் இல்லை பிள்ளை, முகத்தில ஒரு பக்கம் வேலைநிறுத்தம்" என்றாளாம். வெளியே போகும்போது சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போ என்று புத்தி சொன்னவர்களும் இருந்தார்கள். அவள் மூடவில்லை. நானாக இருந்தால் வீட்டை விட்டே வெளிக்கிட்டிருக்கமாட்டேன். அந்தப் பொம்பிளையின் துணிவில் கால்வாசி எனக்கு இல்லை. அதை எழுத எனக்கு வெட்கமும் இல்லை.

எனக்குத்தான் முதலில் கரைச்சலாக இருந்தது. இவ்வளவு காலமும் பார்த்த முகத்தில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. குழம்பு அவளுக்குப் பிடித்ததா, இல்லையா? வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். அவள் சொன்னாள். புளி கூடிப்போச்சு என்றால் கூடிப்போச்சு. அதன் பிறகு எங்கள் குசினியில் சண்டை குறைந்தது. ஆறுதலாக யோசித்துப் பார்த்தால், இத்தனை வருசமும் நான் அந்த மனுசி சொன்னதைக் கேட்காமல் புருவத்தோடு கதைத்திருக்கிறேன்.

முதலில் வந்தவர்கள்

முகம் விழுந்த கொஞ்சக் காலத்தில் மதுராவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நகரத்துக் கடைக்காரக் குடும்பம். வருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம் என்று பெரிய மச்சான் சொன்னார். பெரிய மச்சான் என் மனுசனின் பெரியப்பா மகன். குடும்பத்தில் மூத்தவர், ஆகவே எல்லாம் தெரிந்தவர் என்று அவரே முடிவெடுத்து வைத்திருக்கிறார். "வருத்தம் எண்டு வாயைத் திறந்தா, பரம்பரை வருத்தமோ எண்டு கேப்பினம்" என்றார்.

யோகம் முன்னால் வந்து இருந்தாள். வந்தவர்களை வாங்கோ என்றாள், பலகாரம் கொடுத்தாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பார்த்தார்கள், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். தரகர் கொண்டுவந்த பதில் இதுதான்: "தாய்க்கு விருப்பமில்லைப் போல கிடக்காம். முகத்தில அப்பிடியே தெரிஞ்சுதாம். விருப்பமில்லாத வீட்டில நாங்கள் எடுக்கமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம்."

வருத்தத்தை அவர்கள் நோய் என்று காணவில்லை. தங்களை இளக்காரமாகப் பார்க்கிற முகம் என்று கண்டார்கள். வாயால் வாங்கோ என்று சொன்னதை ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழை விட வராது என்று நினைக்கிறேன்.

மதுரா அன்று தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். யோகம் ஒன்றும் பேசவில்லை. யோகம் பேசாமல் இருந்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

ஆகவே நிரோசனின் ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பெரிய மச்சான் சட்டம் போட்டார். சல்லி வீட்டில் வைக்கவேண்டாம், முற்றத்தில் கருவாடு காய்கிறது, தவத்தின் வீட்டில் வைப்போம். யோகம் முன்னுக்கு வரவேண்டாம், குசினிக்குள் நிற்கட்டும். கேட்டால் சுகமில்லை, படுத்திருக்கிறா என்போம்.

நான் கத்தினேன். "பெத்தவளை ஒளிச்சு வச்சுப்போட்டுப் பொம்பிளை காட்டப் போறியளோ? வெட்கமில்லையோ உங்களுக்கு?"

"நீ சத்தம் போடாதை தவம். உன்ர வாய்க்குப் பயந்துதான் பாதிச் சொந்தம் இஞ்சால வாறேல்லை."

"வராட்டிப் பார்சல் மிச்சம்."

என் மனுசன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சண்டை என்றால் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பார். யோகம்தான் என் கையைப் பிடித்தாள். "விடுங்கோ மச்சாள். பிள்ளைக்கு இது சரிவந்தாக் காணும். நான் உள்ளுக்க நிண்டு வடை சுடுறன்."

திரைச்சீலைக்குப் பின்னால்

இப்போது அந்த வடைக்குத் திரும்பி வருகிறேன்.

மாப்பிள்ளையின் தாயின் பெயர் செல்வராணி. கறுத்த, உயர்ந்த மனுசி. வயலில் நின்று பழகியவர் என்று கையைப் பார்த்தாலே தெரியும். வந்து இருந்ததும் முதலில் கேட்டது, "அம்மா எங்க?"

பெரிய மச்சான் பாடமாக்கி வைத்ததைச் சொன்னார். "அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. படுத்திருக்கிறா."

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் எண்ணெய்ப் புகை யோகத்தின் தொண்டையில் ஏறியது. நல்லாக இருமினாள். தாச்சி மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது. படுத்திருக்கிற ஆள் தாச்சி மூடியை விழுத்தமாட்டாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

செல்வராணியின் முகம் அதோடு மூடிக்கொண்டது. மதுரா தட்டோடு வந்தபோதும் திறக்கவில்லை. நிரோசன் பாவம், தாயைப் பார்ப்பதும் மதுராவைப் பார்ப்பதுமாக இருந்தான். தரகர் மழையைப் பற்றிக் கதைத்தார். பெரிய மச்சான் நெல் விலையைப் பற்றிக் கதைத்தார். மதுரா உள்ளே போகும்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆராயவில்லை. தேவையில்லை.

எனக்குத் தாங்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போனேன்.

"முடிஞ்சுது யோகம். அந்த மனுசிக்குப் பிடிக்கேல்லை."

யோகம் அடுப்பைத் தணித்தாள். "என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. முகத்தைப் பார்த்தாத் தெரியுது."

"வாயால ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையடி. வடையைக்கூட வச்சுப்போட்டா."

"அப்ப உங்களுக்கு என்ன தெரியும் மச்சாள்? என்ர முகத்தைப் பார்த்துப்போட்டுப் போனவைக்கும் உப்பிடித்தானே தெரிஞ்சது."

நான் வாயை மூடினேன். என் வாயை மூட வைத்தவர்கள் இந்த ஊரில் அதிகமில்லை.

யோகம் சேலையில் கையைத் துடைத்தாள். தலைப்பை இழுத்து முகத்தை மூடப்போகிறாள் என்று நினைத்தேன். அதை இடுப்பில் செருகினாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நேர் எதிரே ஒரு கதிரை

பெரிய மச்சான் பாதி எழும்பினார். யோகம் அவரைப் பார்க்கவில்லை. நான் இருந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, செல்வராணிக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் போட்டு இருந்தாள்.

"வணக்கம் அக்கா. நான்தான் மதுராவின்ர அம்மா. நான் படுத்திருக்கேல்லை. குசினியில வடை சுட்டுக்கொண்டு நிண்டனான்."

செல்வராணி அவளைப் பார்த்தார்.

"என்ர முகத்தை வடிவாப் பாருங்கோ. இந்தப் பக்கம் ஆடாது. நரம்பில வந்த வருத்தம். சந்தோசப்பட்டாலும் இப்பிடித்தான் கிடக்கும், கோவப்பட்டாலும் இப்பிடித்தான் கிடக்கும். முதல் வந்த ஆக்கள் இதைப் பார்த்துப்போட்டு எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்குப் பயந்து என்னை உள்ளுக்க விட்டவை. இனி எனக்கு ஏலாது. அதால வாயால சொல்றன். உங்கட மகனை எனக்குப் பிடிச்சிருக்கு. என்ர மகளுக்கும் பிடிச்சிருக்கு. உங்களுக்கு எப்பிடி?"

தரகர் தொண்டையைச் செருமினார். "அது... அவை வீட்டை போய்க் கதைச்சுப்போட்டு..."

"தரகர் ஐயா, நான் உங்களைக் கேக்கேல்லை. நீங்கள் வடையைச் சாப்பிடுங்கோ."

செல்வராணி ஒரு பெரிய மூச்சு விட்டார். உள்ளே அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த மூச்சு.

"நான் என்ன நினைச்சன் தெரியுமோ? தாய் உள்ளுக்க நிக்கிறா, இருமிற சத்தம் கேக்குது, வெளியில வாறா இல்லை. படுத்திருக்கிறா எண்டு எனக்குப் பொய் சொல்லினம். வயல்காரரின்ர பிள்ளை எண்டு எங்களை இறக்கி நினைக்கிறா, முகம் பார்க்கவும் விருப்பமில்லை எண்டு நினைச்சன். எனக்கு வடை தொண்டையால இறங்கேல்லை."

திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டேன். அந்த முகத்தில் கசப்பு இருந்தது என்று நான் கண்டது சரிதான். அது மதுராவைப் பார்த்து வந்த கசப்பில்லை. எங்களைப் பார்த்து வந்தது. எதிரே இருந்து இமை வெட்டாமல் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. உள்ளே நின்று ஒன்றையும் காணாத யோகம், கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

செல்வராணியும் லேசுப்பட்டவர் இல்லை.

"நானும் ஒண்டு நேரே கேக்கிறன். கோவிக்கக்கூடாது. இந்த வருத்தம் பிள்ளைக்கும் வருமோ?"

பெரிய மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். யோகம் ஆறுதலாகச் சொன்னாள்.

"ஆருக்கும் வரலாமாம் அக்கா, ஆனா நான் பெத்த பிள்ளை எண்டதால வராதாம். நான் டொக்டரைக் கேட்டனான். என்ர சொல்லை நம்பவேண்டாம். கிளினிக் நாளில நீங்களும் வாங்கோ, ரெண்டு பேருமாக் கேப்பம். கேட்டதில எனக்குக் கோவமில்லை. கோவம் எண்டாச் சொல்லுவன்."

"ஓம், நீங்கள் சொல்லுவியள். விளங்குது." செல்வராணி கை நீட்டி, தட்டில் வைத்த வடையை எடுத்தார். "எனக்கும் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. இவனுக்குத் தலையிடி எண்டு எங்கட வீட்டு அலுமாரி முழுக்கக் குளிசை. இதுக்கு மேலயும் இழுபட்டா வீட்டிலயே ஒரு மருந்துக்கடை திறக்கலாம்."

நிரோசன் நிலத்தைப் பார்த்தான். உள்ளே மதுராவின் கையிலிருந்து எதுவோ விழுந்து உடைந்தது. நல்ல பீங்கான் கோப்பை. போகட்டும்.

பெரிய மச்சான் அன்று மாலை எல்லோரிடமும், "நான்தான் கடைசியில யோகத்தைக் கூப்பிட்டனான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்கு நல்லாகத் தெரியும். ஆனால் எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார்.

கிளினிக்குக்கும் கோயிலுக்கும்

சொன்னபடி செல்வராணி கிளினிக்குக்கு வந்தார். வெருகலிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு பையில் மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். டொக்டர் முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு வருமோ, பேரப்பிள்ளைக்கு வருமோ, கண்ணுக்குக் கெடுதலோ, மீன் தின்னலாமோ என்று. கேட்டு முடிய, "இனி என்ன, நாள் பாப்பம்" என்று செல்வராணி எழும்பினார். அந்த டொக்டர், பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, இரண்டு பேரையும் வாசல் வரை வந்து அனுப்பினார்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும்போது யோகம் செல்வராணியோடு கதைத்துக்கொண்டு முன்னால் போனாள். கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் ஊதிக்கொண்டு வந்தது. ஊதல் முடியும் வரைகூட இரண்டு பேரும் கதையை நிறுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். எனக்கு அதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. யாராவது கேட்டால் கால் நோகிறது என்று சொல்லியிருப்பேன்.

கலியாணம் சல்லி அம்மன் கோயிலில் நடந்தது. யோகத்தின் விருப்பம் அது. கடற்காற்றில் மணவறைப் பூ எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கருவாட்டு மணமும் வந்தது. வெருகல் ஆட்கள் ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. நான் பார்த்தேன். பழக்கம் விடாது.

தாலி கட்டி முடிய, குடும்பமாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை, பெண், இரு பக்கமும் இரண்டு தாய்மார். படப்பிடிப்புக்காரப் பெடியன் கமெராவைக் கண்ணில் வைப்பான், எடுப்பான், திரும்ப வைப்பான்.

"அம்மா, பொம்பிளையின்ர அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ. கலியாண வீட்டில உப்பிடி நிக்கலாமோ?"

மதுரா தலையைக் குனிந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவனுக்கு ஏச வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வராணி, மகனுக்குப் பக்கத்தில் நின்றபடியே, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தம்பி, அவ சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறா. நீர் படத்தை எடும்."